பிராந்தியைத் தொடாத திருடன்

"இந்தக் கேக்குக்குள்ள என்ன விட்டனீங்கள், ரோசம்மா?"

"ஒயின்தான் மிஸ். ஏன் மொகத்த அப்படிச் சுளிக்கிறீங்க? அடுப்புல வெந்த ஒயினுக்குப் பாவம் கெடையாது. மயக்கமெல்லாம் ஆவியாப் போயிரும். மணம் மட்டும் நிக்கும்."

"எந்த ஒயின் எண்டாலும் சரியோ?"

"அது எப்படிச் சரி வரும்? மாப்பிள்ள பாக்குற மாதிரி பாக்கணும். ரொம்ப இனிச்சா நம்பக் கூடாது. ரொம்பப் புளிச்சா வீட்டுக்கு ஆகாது. சூட்டுல போட்டாத்தான் கொணம் தெரியும்."

"உங்கட வீட்டுக்காரரையும் அப்பிடிப் பாத்துத்தான் எடுத்தனீங்களோ?"

"எங்கப்பா எடுத்தாரு. லேபிள பாத்து ஏமாந்துட்டாரு. உள்ள வினிகர் லா." ரோசம்மா சிரித்தாள். பிறகு கூடத்துப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "அவருகிட்ட ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா வாயிலயே வச்சிருக்கேன் மிஸ். தெனம் சோறு போடும்போது நாக்கு நுனி வரைக்கும் வருது. அவரு 'ரசம்'னு ஒரு சத்தம் போட்டா, மறுபடியும் உள்ள போயி ஒளிஞ்சிக்குது."

"என்ன கேக்கோணும்?"

"ஐயோ, கேக் கருகுது" என்று ரோசம்மா அடுப்பை நோக்கி ஓடிவிட்டாள்.

கேக் கருகவில்லை. கேக் மேசை மேல்தான் இருந்தது. அம்பிகை அதைத்தான் தின்றுகொண்டிருந்தாள்.

அது போன கிறிஸ்துமஸ். எட்டு மாதம் கழித்து, 1979 ஆகஸ்டு மாதத்துச் சனிக்கிழமைக் காலையில், ஈப்போ, புந்தோங்கில் அதே வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது அந்தப் பேச்சு அம்பிகையின் நினைவுக்கு வந்தது. எதிரே ரோசம்மாவின் கணவர் செபாஸ்டியன், ஒரு நீண்ட கண்ணாடிக் குழலைக் கையில் பிடித்துக்கொண்டு, கொலை வழக்கில் கத்தியைக் காட்டும் வக்கீல் மாதிரி நின்றார்.

"இது என்ன தெரியுமா மிஸ்? மெட்ரோலாக். ரப்பர் பால் எவ்வளவு கெட்டின்னு அளக்கிறது. தோட்டத்துல கணக்கெழுதுற கிராணியா இருந்த காலம் பூரா, பால்ல தண்ணி கலந்தவன எல்லாம் இத வச்சுத்தான் புடிச்சேன்."

அம்பிகையின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த லியோனார்ட் மரியாதையாகத் தலையாட்டினான். முன்பு பத்து காஜா ஊர்ப் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன். மூன்று வருடமாக அம்பிகைக்கு உதவியாள். டிக்கெட் இல்லாமல் ஏறியவன் முகத்தைப் பார்த்தே கண்டுபிடிப்பான் என்பதற்காகத்தான் அவள் அவனை வேலைக்கு வைத்தாள். அவன் வாயும் கூடவே வரும் என்பதை அவள் அப்போது யோசிக்கவில்லை.

அம்பிகை யாழ்ப்பாணக் குடும்பத்துப் பெண். அப்பா ரயில்வே, அண்ணன் டாக்டர், தம்பி வக்கீல். அவள் மட்டும் இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கணக்குக் காட்டுபவர்களைப் பிடித்துப் பிடித்துச் சலித்துப் போய், ஈப்போ பழைய டவுனில் ஒரு கோப்பிக்கடை மாடியில் சொந்தமாகத் துப்பறியும் ஆபீஸ் போட்டுவிட்டாள். கல்யாணம் ஆகாததைவிட இதுதான் அவள் அம்மாவுக்குப் பெரிய கவலை. மீனோ இறைச்சியோ தொடமாட்டாள். கேக்கில் முட்டை இருப்பதை மட்டும் வசதியாக மறந்துவிடுவாள். கேக்கில் வெந்ததைத் தவிர, மது அவள் நாக்கில் பட்டதே இல்லை.

செபாஸ்டியன் ஒரு கண்ணாடிச் சாடியில் சிவப்பு ஒயினை ஊற்றி, மெட்ரோலாக்கை அதில் மிதக்க விட்டார். அது தொப்பென்று அடியில் போய் உட்கார்ந்தது.

லியோனார்ட் குனிந்து பார்த்தான். "அண்ணே, ஒங்க ஒயின்ல ரப்பரே இல்ல. மொத்தமும் கலப்படம்."

"லியோனார்ட், சும்மா இரும்" என்றாள் அம்பிகை. "ஐயா, நடந்ததைச் சொல்லுங்கோ."

செபாஸ்டியன் சொன்னார். அலமாரியில் நான்கு போத்தல் வைத்திருந்தார். தோட்டத்துப் பெரிய துரை ஊருக்குப் போகும்போது கொடுத்த பிரெஞ்சு சிவப்பு ஒயின், கிறிஸ்துமஸ் கேக்குக்கு வாங்கிய ஷெர்ரி, விருந்தாளிகளின் பிள்ளைகளுக்கு இஞ்சி ஒயின், நல்ல நாளுக்கென்று ஒரு பிராந்தி. இந்த மாதம் போத்தல்கள் குறைய ஆரம்பித்தன. ஒரே மூச்சில் இல்லை. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாக.

"யாருன்னு எனக்குத் தெரியும். டொமினிக்."

டொமினிக், ரோசம்மாவின் தம்பி. டாக்சி ஓட்டுகிறவன். இந்த வீட்டுப் பின்னறையில் இருக்கிறான். ஒரு காலத்தில் சம்சு சாராயம் குடித்துவிட்டு மாதா கோயில் பாடகர் குழுவோடு சேர்ந்து பாடியவன். அந்தக் குழுவில் அவன் உறுப்பினர் இல்லை என்பதுதான் சிக்கல். இரண்டு வருடமாக ஒரு சொட்டும் தொடவில்லை. அதனால்தான் அகதா என்ற பெண்ணைக் கொடுக்க அவள் அப்பா சம்மதித்தார், அதுவும் செபாஸ்டியன் பொறுப்பேற்ற பிறகு. கோயிலில் இரண்டு ஞாயிறு, தடை இருந்தால் சொல்லச் சொல்லும் கல்யாண ஓலை வாசித்தாகிவிட்டது. நாளைக்கு மூன்றாவது, கடைசி ஓலை.

"நான் வாக்குக் குடுத்திருக்கேன் மிஸ். இவன் குடிக்கிறான்னு தெரிஞ்சும் நாளைக்குக் கோயில்ல வாயப் பொத்திட்டு நின்னா நா மனுசனா? இன்னிக்குச் சாயந்தரம் அகதா அப்பாவப் பாத்து வாக்கத் திருப்பி வாங்கப் போறேன். ஆனா சாட்சி இல்லாம நா யார் மேலயும் ரிப்போர்ட் எழுதுனதில்ல. நீங்க சாட்சிய மட்டும் குடுங்க."

ரோசம்மா கோப்பி கொண்டுவந்து வைத்தாள். தம்பியின் பெயர் விழுந்துகொண்டிருந்த கூடத்தில் கோப்பைகளை மட்டும் நேராக அடுக்கினாள்.

லியோனார்ட் ஒரு வாய் குடித்தான். "கோப்பியில இஞ்சி போட்டீங்களா அக்கா?"

"கரண்டி மாறிப் போச்சு" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.

அம்பிகை எழுந்து அலமாரியைப் பார்த்தாள். பிரெஞ்சு ஒயினில் ஒரு டம்ளர் அளவு குறைந்திருந்தது. இஞ்சி ஒயினில் இரண்டு வாய். ஷெர்ரி மட்டும் முக்கால்வாசி காலி. பிராந்திப் போத்தலின் தகர மூடியில் சீல் அப்படியே இருந்தது.

"பிராந்தியைத் தொடவே இல்லையே."

"சீல ஒடச்சா மாட்டிக்குவோம்னு விட்டிருக்கான். கள்ளப் பய."

அம்பிகை தலையசைத்தாள். அவள் கண் அலமாரிக்கு மேலே, சுவரில் நின்றது. மூன்று குடும்பப் படங்களுக்கு நடுவே ஒரு படம் இருந்த இடம் மட்டும் சுண்ணாம்பு மங்காமல், சதுரமாக.

"இங்க ஒரு படம் இருந்ததோ?"

"அங்க பல்லிதான் இருந்துச்சு" என்றார் செபாஸ்டியன்.

"பல்லிக்கு நீங்க சட்டம் போட்டு மாட்டியிருந்தீங்களா அண்ணே?" என்று லியோனார்ட் கேட்டான். செபாஸ்டியன் மெட்ரோலாக்கைத் துடைக்க ஆரம்பித்தார்.

*

டொமினிக் பின்னால் சாக்கடை ஓரத்தில் டாக்சியைக் கழுவிக்கொண்டிருந்தான். முப்பத்தைந்து வயது இருக்கும். அவர்களைப் பார்த்ததும், கேட்பதற்கு முன்பே பதில் சொல்லிவிட்டான்.

"ஆமா லா, நாந்தான் குடிச்சேன். மச்சான்கிட்ட சொல்லிருங்க."

"எதை முதல்ல குடிச்சனீங்கள்?"

"பிராந்திதான். அர போத்தல் இருக்கும்."

"ருசி எப்பிடி?"

"பிராந்தி ருசி என்ன மிஸ், பிராந்தி மாதிரிதான் இருந்துச்சு."

"நன்றி" என்றாள் அம்பிகை.

அவன் துணியை எடுக்க டாக்சியின் பின்மூடியைத் திறந்தான். உள்ளே ஒரு அடுக்குத் தூக்கு, துண்டில் சுற்றிக் கட்டியிருந்தது. அதன் பக்கத்தில் சிவப்பு லேபிள் ஒட்டிய ஒரு சீனப் போத்தல். டொமினிக் மூடியைச் சட்டென்று சாத்தினான். ஆனால் லியோனார்ட் ஒரு காலத்தில் ஓடுகிற பஸ்ஸில் கால்சட்டைப் பைக்குள் இருந்த பழைய டிக்கெட்டையே படித்தவன்.

கொல்லையில் வீட்டு நாய் டைகர் தன் தட்டுக்கு முன்னால் படுத்திருந்தது, பட்டினிப் போராட்டம் நடத்துகிறவன் மாதிரி. தட்டில் பல நாளாகத் தொடாமல் காய்ந்த ஒரு கோழிக்கால். ஊதா நிறம்.

லியோனார்ட் உட்கார்ந்து முகர்ந்தான். "வேக வச்ச கோழி. இஞ்சி போட்டிருக்கு. பிரெஞ்சுக்காரன் ஒயினும் இருக்கு. நா சின்ன வயசுல கோயில்ல பூசைக்கு உதவி பண்ணேன்க்கா. ஃபாதர் திரும்புற நேரம் எவ்வளவுன்னு எனக்கு நல்லாத் தெரியும். அதனால ஒயின் வாசம் எனக்குப் பாடம்."

"அப்ப சாப்பிட்டுப் பாரும்."

"நாயே வேணாம்னு சொல்லிருச்சு. எனக்குன்னு ஒரு மானம் இல்லையா?"

வாசலில் நின்ற அவளுடைய பழைய மோரிஸ் மைனரில் ஏறியதும் அம்பிகை சொன்னாள்: "சீல் உடையாத போத்தலில இருந்து அரைப் போத்தல் பிராந்தி குடிச்ச மனுசன். என்ன நினைக்கிறீர்?"

"குடிச்சிட்டுக் குடிக்கலன்னு சொன்னவன் ஆயிரம் பேரப் பாத்திருக்கேன். குடிக்காமக் குடிச்சேன்னு சொல்றவன் புந்தோங்குல இவன்தான் மொதல்."

"போத்தல்களையும் யோசியும். குடிக்கிறவன் பிடிச்சதை முடிச்சிட்டுத்தான் அடுத்ததுக்குப் போவான். இங்க ஒண்டில ஒரு டம்ளர், இன்னொண்டில ரெண்டு வாய், மூண்டாவதில முக்கால்வாசி. சரிவருதோ எண்டு பாத்து, சரிவராம, அடுத்ததை எடுத்து, அதில கொஞ்சம் திருப்திப்பட்டு... இது குடிக்கிறவன்ர வேலை இல்லை."

"பின்ன?"

"சமைக்கிறவையின்ர வேலை. ஆரோ ஒருத்தருக்கு ஒரு கறிக்கு எந்த ஒயின் விடுறது எண்டு தெரியேல்லை. தேடிப் பாக்கினம்."

லியோனார்ட் வீட்டுப் பக்கம் திரும்பினான். "அந்த வீட்டுல அடுப்புக்கிட்ட போறது ஒரே ஆளுதான் அக்கா. அவங்க கோப்பியில கூட இஞ்சி."

"ஓம். ஆனா தன்ர வீட்டு ஒயினை எடுத்துக் கோழி சமைக்கிறதை ஒரு மனுசி ஏன் ஒளிக்கோணும்? அதுக்காகத் தன்ர தம்பியின்ர கல்யாணமே நிக்கப் போகுது எண்டு தெரிஞ்சும்?"

லியோனார்ட் கண்ணாடியை இறக்கி, பழைய டவுன் பக்கம் கையைக் காட்டினான்.

*

சிவப்பு லேபிளில் கடையின் பெயர் ஆங்கிலத்திலும் அச்சாகியிருந்ததை லியோனார்ட் பார்த்து வைத்திருந்தான். பழைய டவுனில், காய்ந்த மீனும் நிலக்கடலையும் மூட்டை மூட்டையாக வைத்திருக்கும் ஒரு சந்துக் கடை. கல்லாவில் இருந்த ஆ லான் என்ற சீனப் பெண், தோட்டத்து மளிகைக் கடையில் பிறந்து வளர்ந்தவள். தமிழ் பேசுவாள், சண்டையும் தமிழில்தான் போடுவாள்.

"டாக்சிக்கார டொமினிக்கா? தெரியும் லா. இந்த மாசம் அடிக்கடி வாரான். மொத நாளு வந்து, 'ஒயின் குடு'ன்னான். என்ன ஒயின்னேன். 'கோழிக்குப் போடுற ஒயின்'னான். வீட்டுல என்ன போட்டீங்கன்னு கேட்டேன். மொதல்ல செவப்பு பிரெஞ்சு ஒயினாம்." ஆ லான் நெற்றியில் அடித்துக்கொண்டாள். "அது கொதிச்சா புளிக்கும். கோழி பேய் கலர்ல வரும். அப்பறம் இஞ்சி ஒயினாம். அது சக்கரத் தண்ணி, அதுல கோழி போட்டா பாயாசம்தான். கடைசியா ஷெர்ரி. அது பரவால்ல, கிட்டக்க வந்துட்டாங்க. ஆனா அந்தக் கோழிக்கு அது இல்ல."

"எந்தக் கோழிக்கு?" என்றாள் அம்பிகை.

ஆ லான் அலமாரியிலிருந்து ஒரு போத்தலை எடுத்து வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினாள். தேன் நிறம். "இது. புலுட்னு ஒட்டுற அரிசியில வடிச்ச மஞ்ச ஒயின். குடிக்கிறதுக்கு வேற பாக்கணும், கொதிக்க வைக்கிறதுக்கு வேற பாக்கணும். இது கொதிக்கக் கொதிக்க இனிக்கும், புளிக்காது. பழைய இஞ்சிய நசுக்கி, கறுப்பு நல்லெண்ணெயில வதக்கி, கோழிய போட்டு, தண்ணி ஊத்தாம இத ஊத்தணும். அவன் ஒயின், இஞ்சி, எண்ணெய் மூணையும் வாங்கிட்டுப் போறான். 'சீக்கிரம் கட்டு, வண்டியில தூக்கு ஆறிப் போறதுக்குள்ள சிம்பாங் பூலாய் போகணும்'னு ஒரே அவசரம்."

"அது ஆர் சாப்பிடுற கறி?"

ஆ லான் அவளை மேலும் கீழும் பார்த்தாள். "ஒனக்குக் கல்யாணம் ஆகல, இல்ல? பிள்ள பெத்தவ சாப்பிடுறது. ஒரு மாசம். ஒடம்புக்குச் சூடு வேணும்ல. எங்க ஆளுங்க வீட்டுல பிள்ள பொறந்தா தெரு பூரா இந்த வாசம்தான்."

வெளியே வந்ததும் லியோனார்ட் காரின் கதவைத் திறக்காமல் அதன் மேல் சாய்ந்து நின்றான்.

"அக்கா, நாம குடிகாரனைத் தேடி வந்தோம். இப்ப டொமினிக்குக்கு சிம்பாங் பூலாய்ல ஒரு சீனப் பொண்ணும் கைக்குழந்தையும் இருக்குன்னு கண்டுபுடிச்சிருக்கோம். அகதா அப்பாவுக்கு இத விட பிராந்தியே தேவல."

"அவசரப்படாதேயும்."

"அக்காக்காரி ரகசியமா பத்தியம் சமைச்சு அனுப்புறாங்க. தம்பி குடிகாரன்னு பேரு வாங்குனாலும் பரவால்லன்னு வாய மூடிட்டு இருக்கான். எல்லாம் பொருந்துது. மச்சான் ரிப்போர்ட்ட நா எழுதட்டுமா?"

பொருந்தத்தான் செய்தது. அம்பிகைக்கு அதுதான் பிடிக்கவில்லை. அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். சாயந்தரத்துக்குள் அவள் தரப்போகும் சாட்சியில் ஒரு மனிதனின் கல்யாணம் நிற்கும் அல்லது நடக்கும்.

"ஏறும். சிம்பாங் பூலாய்க்குப் போவம்."

*

சுண்ணாம்பு மலைக்குக் கீழே, கல் உடைக்கும் இடத்துக்குப் போகும் மண் பாதையில், டொமினிக்கின் டாக்சி ஒரு பலகை வீட்டின் முன்னால் நின்றது. அம்பிகை காரைப் பம்ளிமாஸ் கடையின் மறைவில் நிறுத்தினாள்.

வாசலில் ஒரு சீனச் சாமி மாடம், ஊதுபத்திப் புகை. கொடியில் வரிசையாகக் குழந்தைத் துணிகள். லியோனார்ட் முழங்கையால் இடித்தான். "சொன்னேன்ல."

டொமினிக் அடுக்குத் தூக்கை எடுத்துக்கொண்டு இறங்கினான். கதவு திறந்தது. தலையில் துண்டு, காலில் கம்பளிக் காலுறை, பிள்ளை பெற்ற சீனப் பெண் மாதிரியேதான். ஆனால் கையில் இருந்த குழந்தையின் மணிக்கட்டில் வசம்பு வளையல். கன்னத்தில் பெரிய கறுப்புப் பொட்டு.

அந்தப் பெண் தூக்கின் மூடியை முகர்ந்தாள்.

"இன்னிக்கு என்ன மாமா, ஊதாவா மஞ்சளா?"

"மஞ்சதான். ஒங்கம்மா இப்பத்தான் சரியா புடிச்சிருக்கு."

லியோனார்டின் வாய் திறந்தபடியே நின்றது. அம்பிகை அந்தப் பெண்ணின் முகவாயைப் பார்த்தாள். மூடியைச் சாய்த்துப் பிடித்து முகரும் விதத்தைப் பார்த்தாள். புந்தோங் வீட்டுச் சுவரில் இருந்த வெற்றுச் சதுரத்தில் அந்த முகத்தை வைத்துப் பார்த்தாள். அளவு சரியாக இருந்தது.

"பல்லி" என்றான் லியோனார்ட் மெதுவாக.

அவள் பெயர் ஐவி. செபாஸ்டியனின் ஒரே மகள். கல் லாரி ஓட்டும் ஆ கோக் என்ற சீனப் பையனைக் கட்டிக்கொண்டு இரண்டு வருடத்துக்கு முன்னால் வீட்டை விட்டுப் போனவள். அன்றிலிருந்து அந்த வீட்டில் அவள் பெயரை யாரும் சொல்வதில்லை. சொன்னால் செபாஸ்டியன் சோற்றுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய்விடுவார்.

அம்பிகையும் லியோனார்டும் மறைவை விட்டு வந்து கதவைத் தட்டிய பிறகு, பாயில் உட்கார்ந்து கோழியைத் தின்றுகொண்டே ஐவி சொன்னாள். "எனக்கு மாமியார் இல்ல மிஸ். அவருக்குப் பத்து வயசா இருக்கும்போதே செத்துட்டாங்களாம். ஆனா பிள்ள பெத்தா ஒயின் கோழி சாப்பிடணும், எங்கம்மா எல்லாருக்கும் செஞ்சு குடுத்துச்சுன்னு இவரு ஒரே பிடிவாதம். தானே சமைக்கிறேன்னு போயி சட்டிய எரிச்சாரு. புருவத்தையும் எரிச்சிக்கிட்டாரு. மாமா போயி வீட்டுல சொல்லியிருக்காரு. அம்மாவுக்கு ஒயின்னு காதுல விழுந்துச்சு. எந்த ஒயின்னு கேக்கல. நேரா அப்பாவோட அலமாரியத் தொறந்துட்டாங்க."

"ஊதாக் கோழியையும் சாப்பிட்டனீங்களோ?"

"சாப்பிட்டேன். அழுதுக்கிட்டே சாப்பிட்டேன். அம்மா கைச் சமையல் சாப்பிட்டு ரெண்டு வருசம் ஆச்சு." ஒரு எலும்பைத் துப்பினாள். "கொஞ்சம் ருசிக்காகவும் அழுதேன்."

டொமினிக் வாசலுக்கு வந்து அம்பிகையின் முன்னால் நின்றான்.

"மிஸ், இத மச்சான்கிட்ட சொல்லாதீங்க. நா குடிச்சேன்னே இருக்கட்டும். அவருக்குத் தெரிஞ்சா அக்கா இனிமே தூக்கு அனுப்ப முடியாது. இந்தப் பொண்ணுக்கு வேற யாரு இருக்கா?"

"அகதாவுக்கு என்ன சொல்லப் போறீங்கள்?"

டொமினிக் காலியான தூக்கின் மூடியைச் சட்டை நுனியால் துடைத்தான். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தான்.

திரும்பும் வழியில் லியோனார்ட் இரண்டு கையையும் தராசுத் தட்டு மாதிரி பிடித்தான். "அக்கா, நாம கண்டுபுடிச்சத சொன்னா பொண்ணு பட்டினி. சொல்லாட்டி தம்பி கல்யாணம் போச்சு. இதுக்கு இன்சூரன்ஸ் உண்டா?"

"இது நாங்கள் சொல்லுற சங்கதி இல்லை, லியோனார்ட்" என்றாள் அம்பிகை. "சொல்ல வேண்டிய ஆள் எட்டு மாசத்துக்கு முன்னமே என்னட்ட சொல்லத் தொடங்கினவ. நான் கேக்கைப் பாத்துக்கொண்டு இருந்திட்டன்."

*

செபாஸ்டியன் வெள்ளைச் சட்டை போட்டு, தலை சீவி, கையில் கார் சாவியோடு தயாராக இருந்தார். ரோசம்மா சாப்பாட்டு மேசைப் பக்கத்தில் நின்றாள்.

"சாட்சி கெடச்சுதா மிஸ்?"

"கிடைச்சுது. டொமினிக் ஒரு சொட்டும் குடிக்கேல்லை. உங்கட ஒயினை ஆரும் குடிக்கேல்லை. சமைச்சிருக்கினம்."

"யாரு?"

அம்பிகை பதில் சொல்லாமல் லியோனார்டைப் பார்த்தாள். அவன் ஏற்கனவே அடுப்படிக்குள் போய், மூடியிருந்த சட்டியிலிருந்து ஒரு கிண்ணம் எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். பொன் நிறக் குழம்பில் கோழியும் இஞ்சியும். வீடே மணத்தது.

"சாட்சிப் பொருள் அண்ணே" என்று மேசையில் வைத்தான். "இதுக்கு மெட்ரோலாக் வேணாம். நாக்கு போதும்."

ரோசம்மாவின் முகம் வெளுத்தது. ஆனால் தடுக்கவில்லை.

செபாஸ்டியன் நின்றபடியே ஒரு கரண்டி எடுத்தார். பிறகு உட்கார்ந்தார். இன்னொரு கரண்டி. கார் சாவி இடது கையிலேயே இருந்தது. கிண்ணம் பாதியாகும் வரை அவர் தலை நிமிரவில்லை.

"நல்லா இருக்கு" என்றார், குற்றம் சாட்டுகிற குரலில். "இது நம்ம வீட்டுச் சமையல் இல்லையே. இதென்ன கறி? யாருக்காக செஞ்சே?"

ரோசம்மா முந்தானையில் கையைத் துடைத்தாள். நாக்கு நுனி வரை ஏதோ வந்தது. அது வருவது அம்பிகைக்குக் கூடத் தெரிந்தது. அப்புறம் அது திரும்பிப் போவதும் தெரிந்தது.

"சோறு போடவா?" என்றாள் ரோசம்மா. "ரசம் இருக்கு. ரசம் ஊத்தவா?"

லியோனார்ட் கண்ணை மூடிக்கொண்டான். பின்வாசலில் டாக்சி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. டொமினிக் காலித் தூக்கோடு அடுப்படிக் கதவருகில் வந்து, எல்லாரும் இருப்பதைப் பார்த்து அங்கேயே நின்றான்.

செபாஸ்டியன் அந்தத் தூக்கைப் பார்த்தார். கிண்ணத்தைப் பார்த்தார். தோட்டத்தில் பிரசவக் கொட்டகைப் பக்கம், சீனக் கடைக்காரன் வீட்டிலிருந்து வந்த இந்த வாசத்தை எப்போதோ அவர் மூக்கு அறிந்திருக்க வேண்டும். கரண்டி கிண்ணத்தின் விளிம்பில் தட்டியது. அவர் தலையைத் தூக்கி, சுவரில் இருந்த வெற்றுச் சதுரத்தை ஒரு நிமிடம் பார்த்தார்.

தட்டை வைத்துவிட்டு எழுந்து போகும் மனிதர் எழுந்திருக்கவில்லை.

"இன்னிக்கு ரசம் வேணாம்" என்றார்.

ரோசம்மாவுக்கு இனி ஒளிந்துகொள்ள இடம் இல்லை. அவள் தம்பியை ஒரு முறை பார்த்தாள். பிறகு மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, கணவரின் முகத்துக்கு நேராகத் திரும்பினாள்.

"அகதா வீட்டுக்குப் போக வேணாங்க. அந்தச் சாவியையும் கீழ வச்சிராதீங்க. சிம்பாங் பூலாய்க்குப் போவோம், நானும் வாரேன். நம்ம ஐவியையும் பிள்ளையையும் வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துருவோம்."